வெப்புப்பல் சாட்சி

என் மேல்வரிசை முன்பற்களில் ஒன்று பொய். இடப்பக்கம், நடுப்பல்லுக்கு அடுத்தது. சிரித்தால் தெரியாது. கூர்ந்து பார்த்தால் மற்றவற்றைவிட ஒரு இழை வெள்ளை அதிகம். முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. இதை வெளியே சொல்லக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் என் தாடையெலும்பில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டது.

அருமனையிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர். இலை உதிரும் காலத்தில் ஒரு சாரல் பெய்தால் போதும், தார்ச்சாலை எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். நுண்ணுயிரியல் முதுகலை கடைசி ஆண்டு செய்முறைத் தேர்வை நன்றாகச் செய்த மகிழ்ச்சியில் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு வந்தவள் வளைவில் வழுக்கினேன். கை கால் எல்லாம் தப்பித்தது. பல் மட்டும் ஈறுக்குள் வேரோடு பிளந்துவிட்டது.

மார்த்தாண்டத்தில் ஒரு பல் மருத்துவர், என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், எலும்பில் ஒரு டைட்டானியத் திருகாணியை இறக்கி, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருந்து, அதன்மேல் பல் வைத்தார். எனக்கு வலியைவிட வியப்புதான் பெரிதாக இருந்தது. உடம்புக்குள் ஒரு முள் போனாலே சீழ் வைத்து வெளியே தள்ளுகிற இந்த உடம்பு, டைட்டானியத்தை மட்டும் அந்நியன் என்று நினைப்பதில்லை. எலும்பு போய் அதோடு ஒட்டிக்கொள்கிறது! வகுப்பில் எல்லோரிடமும் வாயைத் திறந்து காட்ட வேண்டும்போல் இருந்தது.

அம்மா விடவில்லை.

அம்மா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான். அவள் தொண்டையைத் திறந்தால் மைக் வேண்டாம். அப்படிப்பட்டவள் அன்று அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏட்டி, இது வெப்புப்பல்லுன்னு ஒரு ஆளுகிட்ட வாயத் தெறக்கப்பிடாது, கேட்டியா?"

"வாயத் தெறக்காம எப்பிடிம்மா சோறு திங்க?"

"ஒனக்க தமாசு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ஒரு கல்யாண ஆலோசனை வந்தா மொத பேச்சே 'பெண்ணுக்கு வெப்புப்பல்லாமே'ன்னுதான் வரும். மிச்சப் பல்லெல்லாம் நல்ல பல்லுன்னு எவன் எண்ணிப் பாக்கப் போறான்?"

எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் செயற்கைப் பல்லுக்கு வெப்புப்பல் என்றுதான் பெயர். கழற்றி டம்ளர் தண்ணீரில் போடுவதும் வெப்புப்பல்தான், எலும்பில் திருகி இறக்கியதும் வெப்புப்பல்தான். சொல் ஒன்று என்பதால் வெட்கமும் ஒன்றாகிவிட்டது. மஸ்கட்டில் இருக்கும் அப்பாவிடம்கூட, "விழுந்தா, லேசா அடி, சரியாச்சு" என்றுதான் சொல்லப்பட்டது. அவருக்கு வாட்ஸ்ஆப்பில் நான் சிரித்துக் காட்டினால் போதும்.

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. குறிப்பிட்ட இடைவெளியில் வந்து காட்ட வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். போனோம். பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் விட்டுத் தேய்க்க, பாட்டில் கழுவும் பிரஷைச் சுண்டுவிரல் நகத்தளவுக்குச் சுருக்கியதுபோல் ஒரு சின்ன பிரஷ் கொடுத்தார். அதைக் குளியலறையில் வைத்தால் வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று அம்மா எடுத்து, அலமாரி மேல், வேதவினாப் போட்டியில் நான் வாங்கிய கோப்பைகளுக்குப் பின்னால் செருகி வைத்தாள். தினமும் ஸ்டூல் போட்டு ஏறி எடுக்க வேண்டும். எத்தனை நாள் ஏறுவது? "சும்மா போட்டு ராவாத, கழண்டு கையில வந்துரும்" என்று சாதாரண பிரஷுக்கும் ஒரு எச்சரிக்கை வேறு. அந்த ஒரு பல், விருந்தாளி வந்தால்கூட இறக்காத கண்ணாடி அலமாரிப் பீங்கான் மாதிரி ஆகிவிட்டது. தொடாமல் இருந்தால்தான் பத்திரம்.

பிறகு ஒருநாள் பரிசோதனைக்குப் போனபோது, மருத்துவமனைக் கண்ணாடிக் கதவின் பிடியில் கை வைத்த அம்மா அப்படியே நின்றாள். உள்ளே வரவேற்பு மேசையில் புதிதாக ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். எங்கள் சபைதான். கோயிலில் எங்களுக்கு முன் பெஞ்சு. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கடைசி ஆள் போகும்வரை பேசிக்கொண்டு நிற்பார்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிரே இருந்த பேக்கரிக்குள் நுழைந்தாள்.

"அவளா அங்க இருக்கா? அது ஒரு ஸ்பீக்கர் செட்டுல்லா. நாம இங்க எறங்கி பஸ் ஏறுமுன்ன ஊருல செய்தி எத்தியிருக்கும்."

"டாக்டர் வரச் சொல்லியிருக்காவம்மா."

"பல்லு நல்லாத்தானே இருக்கு? இரும்புல பூச்சி கேறுமா? பேசாம பஜ்ஜியத் தின்னு."

ஏத்தம்பழ பஜ்ஜி தின்றோம். பேருந்து ஏறினோம். அதன்பிறகு போகவில்லை.

இரும்பில் பூச்சி ஏறாது, உண்மைதான். அந்தப் பல் சொத்தையாகாது. ஆனால் அது நிற்பது எலும்பில், அதைச் சுற்றியிருப்பது ஈறு. பாக்டீரியாவுக்கு டைட்டானியத்தோடு எந்தப் பகையும் கிடையாது, வசதியாகக் குடியேறும். நம் சொந்தப் பல்லை எலும்போடு கட்டி வைத்திருப்பது ஆயிரக்கணக்கான மெல்லிய நார்கள். ஈறும் நாரால் வேரோடு தைத்ததுபோல் இருக்கும், உள்ளே இறங்குவது எளிதல்ல. திருகாணியைச் சுற்றி அந்தத் தையல் இல்லை. சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி நிற்பதுபோல் ஈறு சும்மா அணைத்து நிற்கிறது. அந்த இடுக்கில் முதலில் வருபவர்கள் சாதுக்கள், எல்லார் வாயிலும் இருக்கும் உருண்டைகள். அவர்கள் ஒட்டிக்கொண்டதும் ஃபுசோபாக்டீரியம் என்று நீளமான ஒருவர் வருகிறார். ஒரு கையால் முன்னால் வந்தவர்களையும் மறுகையால் இனி வரப்போகிறவர்களையும் பிடித்துக்கொள்கிறார். சரியான கல்யாணத் தரகர். அவர் கூட்டி வருகிறவர்கள்தான் ஆபத்தானவர்கள். காற்று படாத இடம்தான் அவர்களுக்குப் பிடிக்கும். யாரும் திறந்து பார்க்காத, யாரும் கிளறாத மூலைகள். எங்கள் வீட்டில் அவர்களுக்கு வேண்டிய எல்லாம் அம்மா ஏற்பாடு செய்து வைத்திருந்தாள்.

ஒரு மாலை கொய்யாப்பழம் கடித்தேன். கடித்த இடத்தில் சிவப்பாக இருந்தது. சிவப்புக் கொய்யா என்று நினைத்து அடுத்த கடி கடித்துப் பார்த்தால் பழம் வெள்ளை. கண்ணாடி முன்னால் போய் அந்தப் பல்லுக்கு மேல் ஈறை விரலால் அழுத்தினேன். இரத்தத்தோடு வெளிறிய மஞ்சளாய் ஒரு சொட்டும் வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஈறு மட்டும் அழன்றிருந்தால் மீட்டுவிடலாம். எலும்புவரை போயிருந்தால், கரைந்துகொண்டே போய் ஒருநாள் திருகாணி ஆடும், கழற்றத்தான் வேண்டும். எதுவரை போயிருக்கிறது என்பது எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

அம்மாவிடம் சொன்னேன். இளஞ்சூடான தண்ணீரில் உப்புப் போட்டு உப்புவெள்ளம் கலந்து கொண்டுவந்தாள், கிராம்பு எண்ணெய் வந்தது, சில நாள் கழித்து ஜங்ஷன் மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக் அட்டையும் வந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"தின்னா கிருமி சாவும்லா? படிச்சவதானே நீ?"

"படிச்சதுனாலதான் வேண்டாங்கேன். நம்ம குளத்துப் படியில பாசி பிடிச்சுக் கெடக்குல்லா, அதுக்க மேல மருந்த ஊத்துனா என்ன ஆவும்? வழுவிப் போவும். சுரண்டித்தான் எடுக்கணும். இதுவும் பாசிதான். அதுக்க மேல ஒரு பசை மூடி இருக்கும், மாத்திரை உள்ள போவாது."

"ஆமா, நீ பாத்த."

அந்த ஒரு சொல்தான் என்னைத் தூண்டியது. பார்த்திருக்கிறேனா என்றா கேட்கிறாய்? வா, நீயே பார்.

அப்போது மார்த்தாண்டத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அம்மாவை அங்கே வரவழைத்தேன். அவள் கண்முன்னால் உப்புவெள்ளத்தில் நன்றாகக் கொப்புளித்தேன். பிறகு அந்த இடுக்கிலிருந்து ஒரு சுரண்டல் எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரில் கலந்து, மேலே மூடி, நுண்ணோக்கியில் வைத்து வெளிச்சத்தைக் குறைத்தேன். நானே முதலில் பார்த்தேன். மூச்சு நின்றுவிட்டது, அருவருப்பால் அல்ல. அப்படியொரு திருவிழா! குச்சிகள் கோடு போட்டு ஓடின. சில தன்னைத்தானே சுற்றின. நூல் போன்ற ஒன்று கூட்டத்துக்குள் நெளிந்து போயிற்று.

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள்.

"இது எனக்க இமை முடியா ஆடுது?"

"இல்லம்மா. கண்ண இமைக்காம பாரு."

சட்டென்று பின்னால் நகர்ந்தாள். "சீ, சவம்! இதுக்கு உயிரு இருக்குட்டி!"

"பின்ன?"

"இப்ப வாய் கொப்புளிச்ச பெறவுமா?"

"இப்பக் கொப்புளிச்ச பெறவுதான்."

அவள் மறுபடியும் ஒருமுறை குனிந்து பார்த்தாள். நிமிர்ந்ததும், நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே, "எனக்க வாயில உள்ளத ஒண்ணும் எடுத்துப் பாக்க வேண்டாம்" என்றாள்.

சிரித்துவிட்டேன். வென்றுவிட்டேன் என்றும் நினைத்தேன். பேருந்து நிறுத்தத்தில் அம்மா தன் தீர்ப்பைச் சொன்னாள்: திருவனந்தபுரத்தில் போய்ப் பார்க்கலாம். அங்கே நம்மை யாருக்கும் தெரியாது.

"இது ஒரு நாள் வேலை இல்லம்மா. சுத்தம் பண்ணி, திரும்பப் பாத்து, இனி காலம் முழுக்க போய்ட்டு வரணும். எனக்க பல்லுக்குத் திருவனந்தபுரத்துல வீடா பாக்க முடியும்?"

"அப்ப ஊரு முழுக்கச் சொல்லணும்னு சொல்லுதியா?"

அப்போதைக்கு என் கவலை எலும்புதான். இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து நேராக அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மேசையில் அதே அக்கா. காத்திருப்பவர்கள் வரிசையாக இருந்தார்கள்.

"ஏ பிள்ள, நீயா? வா, வா. என்ன செய்யுது?"

எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். "முன்பல்லு வெப்புப்பல்லுக்கா. சுத்தி ஈறுல ரத்தமும் சீழும் வருது."

ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அக்கா கணினியில் தட்டிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ வராம இருந்தது எதுக்குன்னு எனக்குத் தெரியும் பிள்ள. ஒனக்க அம்ம கதவு வரைக்கும் வந்துட்டு, என்னக் கண்டு திரும்பிப் போனத இந்தக் கண்ணாடி வழியாட்டு பாத்தேன்."

எனக்கு முகம் சுட்டது. "பின்ன ஊருல ஒருத்தருக்கும் தெரியலியே அக்கா?"

"நான் சொன்னாத்தானே தெரியும்? எனக்க நாக்கப் பத்தி ஒங்களுக்கெல்லாம் நல்ல அபிப்பிராயம்." கசப்பில்லாமல் சிரித்தார். "இங்க உள்ளத நான் வெளிய பேசுனேன்னு வையி, வாற ஞாயிறு குவயர்ல பாட முன்வரிசையில நிக்க ஆளு காணாது. ஒங்கள மாதிரி என்னக் கண்டுட்டு வரவு நிறுத்துனவிய வேறயும் உண்டு. போன் பண்ணுனா எடுக்கமாட்டாவ. ஒருத்தருக்கு ஸ்குரூவே ஆடத் தொடங்கியாச்சு. யாருன்னு கேக்காத, சொல்லமாட்டேன்."

என்னைப்போல் எத்தனை வாய்கள் பூட்டிக் கிடக்கின்றன என்ற நினைப்பு மட்டும் பல்லைவிட அதிகமாக உறுத்தியது.

மருத்துவர் திட்டவில்லை. நுனியில் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறின் ஓரத்தில் விட்டு ஆழம் பார்த்தார். எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். திருகாணிச் சுற்றுகளில் பல்லை ஒட்டிய முதல் மரைகளைச் சுற்றி எலும்பு கிண்ணம்போல் குழிந்திருந்தது. மற்ற மரைகளை எலும்பு கெட்டியாகப் பிடித்திருந்தது.

"போன எலும்பு திரும்பி வருமா டாக்டர்?"

"பெரும்பாலும் வராது. இருக்கிறத நிறுத்தி வைக்கலாம். அதுல பாதி என் கையில, பாதி உன் கையில. நின்னா சரி. நிக்கலன்னா ஈறைத் திறந்து சுத்தம் பண்ணணும். அதுக்கும் நிக்கலன்னா எடுத்துர வேண்டியதுதான்."

திருகாணியைக் கீறாத முனையுள்ள கருவியால் அன்றே சுரண்டத் தொடங்கினார். கீறினால் அந்தக் கீறலே அடுத்த குடியிருப்பாகிவிடும். வாயெல்லாம் இரத்தச்சுவை. வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலிருந்து பிரஷை எடுத்தேன். கோப்பைகளில் ஒன்று உருண்டு விழுந்தது. எடுத்து வைக்கவில்லை. பிரஷைக் கொல்லைப்புறக் குழாயடியில், சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க வைத்தேன். அம்மா உள்ளே கொண்டுபோவாள், நான் வெளியே கொண்டுவருவேன். ஒரு வாரம் முழுக்க அந்தப் பிரஷ் இப்படி நடந்துகொண்டே இருந்தது.

அடுத்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை. வாரம் ஒரு வீடாக மாறி மாறி நடக்கும். பாட்டு, வேதவாசிப்பு, பிறகு கடவுள் செய்த நன்மையைச் சொல்லும் சாட்சி நேரம். மகனுக்கு விசா கிடைத்தவர், பித்தப்பைக் கல் எடுத்து நலமானவர், யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். சாட்சி நீண்டாலோ தடம் மாறினாலோ அதற்கும் ஒரு முறை இருக்கிறது. பாட்டு எடுத்துக் கொடுப்பவர் மெதுவாக ஒரு கோரஸைத் தொடங்குவார், எல்லோரும் கைதட்டிச் சேர்ந்துகொள்வார்கள், சாட்சி சொல்பவர் முகம் கோணாமல் உட்கார்ந்துவிடுவார். இந்தக் கலையில் எங்கள் சபையில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை.

நான் எழுந்தேன். அம்மாவின் கண் என்மேல் வந்தது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு முன்பல்லு ஒண்ணு வெப்புப்பல்லு."

அம்மா பாட்டை எடுத்துவிட்டாள்! இரண்டாவது வாக்கியத்துக்குக்கூட இடம் தரவில்லை. பழகிய கைகள் தானாகத் தட்டின. யாரோ கஞ்சிராவை எடுத்தார்கள். முறைப்படி நான் உட்கார வேண்டும். உட்காரவில்லை. அவளுடைய மகள்தானே, எனக்கும் தொண்டை இருக்கிறது.

"சுத்தி ஈறுல சீழு வச்சுப் போச்சு! வெளிய தெரியப்பிடாதுன்னு ஆசுபத்திரிக்குப் போகாம இருந்ததுனால வந்தது!"

பாட்டு உயர்ந்தது. நானும் உயர்ந்தேன்.

"வெப்புப்பல்லு சொத்தையாவாது, ஆனா அதச் சுத்தி எலும்பு கரையும்! ரத்தம் கண்டா மறைக்காதிய! போய்க் காட்டுங்க!"

பாடகர் குழுவான குவயரில் கீழ்க்குரல் பாடும் ஒருவரின் கைதட்டு நின்றது. அந்தக் கை மெதுவாகக் கன்னத்துக்குப் போயிற்று. பின்னால் ஒரு பெண் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், சிரிப்பா வேறெதுவா தெரியவில்லை. மருத்துவமனை அக்கா மட்டும் பாடவுமில்லை, தட்டவுமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தார்.

எந்தக் கோரஸுக்கும் ஒரு முடிவு உண்டு. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கேன். எனக்க பல்லப் பத்தி இதுக்கு முன்ன உங்களில யாராவது கேட்டிருக்கியளா?"

தட்டிய கைகள் மடிக்கு இறங்கின.

"இல்லல்லா? ஆசுபத்திரி மேசையில நம்ம அக்காதான் இருக்காவ. அவியளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் ஒங்களில ஒருத்தருக்கும் தெரியல. அதுதான் சாட்சி." உட்கார்ந்தேன்.

தேநீரும் முந்திரிக்கொத்தும் கொடுக்கும்போது யாரும் பல்லைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் நான் முந்திரிக்கொத்தைக் கடிப்பதை வீடு முழுக்கப் பார்த்தது. கடைவாயால்தான் கடித்தேன்.

அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. விசாரித்துக்கொண்டிருந்த ஒரு கல்யாண ஆலோசனை அதோடு நின்றது. அந்தச் செய்தியைச் சொல்லத்தான் முதலில் பேசினாள்.

"போச்சு. களிச்சுக்கோ."

"போவட்டும். ஒரு பல்லுக்கே பயந்து ஓடுற ஆளு எனக்கு எதுக்கு?"

"ஒனக்கு வாய் அதிகம்."

"அதத்தான் சுத்தமா வச்சிருக்கேன்."

மீண்டும் எக்ஸ்ரே எடுக்கும் நாளில் அம்மாவும் கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவை அவளே தள்ளினாள், அக்காவைப் பார்த்து, "சொகந்தானா?" என்று மட்டும் கேட்டாள். அக்கா, "சொகம்" என்றார். அம்மா, காத்திருந்தவர்களில் குவயர்க்காரர்கள் சிலரைக் கண்டு தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தார். கிண்ணம் நிரம்பவில்லை. ஆனால் ஆழமாகவும் இல்லை. விட்ட இடத்திலேயே எலும்பு நின்றது. கம்பியை விட்டுப் பார்த்தபோது இரத்தம் வரவில்லை.

"நிக்குது" என்றார் மருத்துவர்.

நான் நாற்காலியில் படுத்தபடியே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தினேன். சொல் எதுவும் வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது. அம்மா திரையருகே போய் அந்த மரைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் ஜங்ஷனில் இறங்கி மெடிக்கலுக்குப் போனோம். என் சின்ன பிரஷ் தேய்ந்திருந்தது. மாலை நேரம், கடை முன்னால் நல்ல கூட்டம். அம்மா கையை உயர்த்தி, பல்லிடுக்கில் விடுகிற பிரஷ் உண்டா என்று கேட்டாள். கடைக்காரர் இல்லை என்றார். பிறகு மேசைக்கு மேல் குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, இரகசியமாகக் கேட்டார்: "யாருக்கு, வெப்புப்பல்லுக்கா?"

அவர் குரலைத் தாழ்த்தியதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு அவள் தாழ்த்திய அதே குரல். தோளிலிருந்த பையை மேசைமேல் வைத்தாள். கோரஸ் எடுக்கும் தொண்டையைத் திறந்தாள்.

"வெப்புப்பல்லுக்குத்தான்! எனக்க மகளுக்கு! அதுக்கு எதுக்கு இந்தக் குசுகுசு? டவுணுக்கு ஆளனுப்பி ஒரு பெட்டி எடுத்து வையும். எங்க கோயில்லயே நெறைய பேருக்கு வேணும்."